மெருகும் மெய்ம்மையும்

பழம்பொருளைப் பேணுதல் அறமா, பற்றா? அதன் மங்கிய புறத்தோற்றத்தைப் புதுக்குதல் தூய்மையா, பொய்யா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு அரண்மனையும் மாடமும் வேண்டுவதில்லை. நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் பழைய கார் ஒன்றே போதும். சிறிய பொருளில் தெளியும் நெறி பெரிய பொருளிலும் வழிகாட்டும். ஆதலின் வாசலில் நிற்கும் வண்டியைக் கொண்டே இதனைச் சிந்திப்போம்.

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவின் அடியில் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துக்கொள்வதால் ஊர்ப்பக்கம் வெயில் மிகுதி. ஊருக்கு மேற்கே முந்தலில் ஏறத் தொடங்கும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகின்றது. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலமலைகள் விரிகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை எனச் செல்லும் வழியெங்கும் ஏலத்தோட்டங்கள். கீழே சுடுவெயில், மேலே மூடுபனியும் சாரலும் என இருவேறு தட்பவெப்பங்களை ஒரே நாளில் கண்டு திரும்பும் வண்டிகள் இவ்வூரில் பல. தோட்டக்காரரின் கார், வணிகரின் கார், விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப் ஆகிய யாவும் இவ்வழியில் தம் நிறத்தைச் சிறிது சிறிதாக விட்டுவிட்டே வருகின்றன.

நிறம் ஏன் மங்குகிறது?

வண்ணப்பூச்சு என்பது நிறத்துகளும், அத்துகளைப் பிணைத்து நிற்கும் பிசினும் சேர்ந்தது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் படப்பட மேற்பரப்பிலுள்ள பிசின் சிதைகின்றது. பிணைப்பிழந்த துகள் பொடியாய் மேலே தங்குகின்றது. பழைய அம்பாசடரின் கூரையைக் கையால் தடவினால் சுண்ணாம்பு போல் ஒட்டுவது இதுவே. வெயிலை நேராக ஏற்கும் கூரையும் பானெட்டும் முன்னரே மங்கும். கதவுகள் பின்னரே மங்கும். நிறங்களுள் சிவப்பு விரைந்து வெளிறும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1000 மீட்டர் ஏற்றத்திற்கும் புற ஊதாக் கதிரின் வன்மை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகின்றது. ஆகவே மலைமேல் உடலுக்குக் குளிர்ச்சியாய் இருப்பினும், மேகம் விலகிய பொழுதில் வண்ணத்திற்கு அங்கும் ஓய்வில்லை.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1958 முதல் 2014 வரை செய்த அம்பாசடர் போன்ற வண்டிகளின் பழைய எனாமல் பூச்சில், நிறம் உள்ள படலமே மேற்படலமும் ஆகும். பிற்காலக் கார்களில், சிறப்பாக மெட்டாலிக் வண்ணங்களில், நிறத்தின்மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற படலம் தனியே பூசப்படுகின்றது. மெருகுத் தைலம் தொட்ட வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது வண்டியின் நிறம் துணியில் ஏறினால் முதல் வகை. ஏறாவிடின் இரண்டாம் வகை எனக் கொள்ளலாம். முதல் வகை மங்கினால் பெரும்பாலும் தேய்த்து மீட்கலாம். இரண்டாம் வகையில் மேற்படலமே உரிந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. மறுபடியும் பூசவே வேண்டும்.

மூவகைச் செயல்கள்

மங்கிய வண்டியை ஒளிரச் செய்ய நம் பட்டறைகளில் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது நீக்குதல். வண்டியைக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுத்து, ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்தால் சிதைந்த மேற்படலம் அகலும். அடியிலே கேடுறாதிருந்த நிறம் வெளிப்படும். அதன்மேல் மெழுகிட்டுக் காப்பர்.

இரண்டாவது மினுக்குதல். துணியை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ நனைத்து ஒரு முறை துடைத்தாலும் மங்கிய வண்டி பளபளக்கும். சிலிக்கோன் எண்ணெய் கலந்த தைலங்களும் இவ்வாறே. சொரசொரப்பான பரப்பிலுள்ள நுண்ணிய பள்ளங்களை எண்ணெய் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் திரும்புகின்றது. எண்ணெய் உலர்ந்ததும் பழைய மங்கலே மீளும். இடையில் சாலைப் புழுதியும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது மறுபூச்சு. டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்தல்.

மேலோட்டமாக நோக்கின் முதலாவது உண்மை, இரண்டாவது பொய், மூன்றாவது ஐயத்திற்குரியது என்று தோன்றும். நீக்குவது மெய், மூடுவது பொய் என்று எளிதாக வகுத்துவிடலாம் போலும். ஆயின் அவ்வகுப்பு நிலைக்காது. துருவேறிய தகட்டை வெட்டி நீக்கி, நல்ல தகடு வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் பெயின்ட் அடித்தவர் மூடியே இருக்கிறார். எனினும் அது நேர்மையான வேலை. துருவைத் தொடாமல் அதன்மேலேயே பட்டி அப்பிப் பெயின்ட் அடித்தவரும் மூடியிருக்கிறார். அது ஏமாற்று வேலை. இரண்டும் வெளியே ஒன்றுபோல் மின்னும். ஆகவே செயலின் உருவத்தைக் கொண்டு அறத்தைத் துணிய இயலாது. அந்த மினுக்கத்தை நம்பி யார் எதைக் கொடுக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

ஏலக்காய் கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையைப் போடி வணிகர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. பச்சை நிறத்திற்கு விலை சொல்லும் ஊர் அது. ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் உள்ளன. அங்கே காயின் பருமனும் பச்சையும் விலையைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

புதிதாகப் பறித்த ஏலக்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈரம் உண்டு. அதனை ஏறத்தாழ 10 விழுக்காடு ஆகும்வரை இளஞ்சூட்டில் உலர்த்துவர். வெயிலில் பரப்பினால் பச்சையம் சிதைந்து காய் வெளிறும். வண்டியின் நிறத்தைக் கெடுக்கும் அதே வெயில் ஏலக்காயின் நிறத்தையும் கெடுக்கின்றது. ஆதலின் மூடிய அறையிலேயே உலர்த்துதல் வழக்கம். பறித்த காயை 2 விழுக்காடு சலவைச் சோடா கரைந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பின்னர் உலர்த்தினால் பச்சை நிலைக்கும் என்பதும் பரிந்துரைக்கப்பட்ட முறையே. இவையெல்லாம் காயில் உள்ள நிறத்தைக் காப்பவை.

மாறாக, வெளிறிய காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்பது கலப்படம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கின்றது. இரண்டு மூட்டையும் பச்சையாகவே இருக்கும். ஒன்றில் பச்சை, காய் நல்ல முறையில் பறித்து உலர்த்தப்பட்டது என்பதற்குச் சான்று. மற்றொன்றில் அச்சான்று போலியாக உண்டாக்கப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கந்தகப் புகையால் வெளுத்த ஏலக்காய் என்றொரு வகையும் நெடுங்காலம் விற்பனையில் இருந்து வந்துள்ளது. அக்மார்க் தர வகுப்புகளிலும் அதற்குத் தனி இடம் உண்டு. இயல்பான நிறத்தை முற்றிலும் மாற்றிய பொருள் அது. எனினும் வெளுத்தது என்று சொல்லியே விற்கப்பட்டதால் அதில் வஞ்சனை இல்லை. கியூபாவின் ஹவானா நகரில் 1950களின் அமெரிக்கக் கார்கள் இன்றும் பளபளப்பாக ஓடுகின்றன. பலவற்றின் உள்ளே இருப்பது வேறு நாட்டு எஞ்சின். அது அங்கு யாவரும் அறிந்த செய்தி; ஏறி அமர்பவர் ஏமாறுவதில்லை. மாற்றம் வஞ்சனை ஆவது, மாற்றியதை மாற்றாதது போலக் காட்டும் இடத்தில்தான்.

பொய்யா, களவா?

பழைய காரை விற்க எண்ணுகிறார் ஒருவர். விற்பதற்கு முன் பட்டறையில் விட்டு மெருகேற்றுகிறார். இது குற்றமா?

வண்டியின் வயதைப் பதிவுச் சான்று சொல்கின்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் அதில் உள்ளன. ஆகவே இருபது ஆண்டுக் கார் ஒளிர்வதனால் வாங்குபவர் அதனை ஐந்தாண்டுக் கார் என்று எண்ணப் போவதில்லை. விருந்தினர் வருமுன் வீட்டைப் பெருக்குவது போன்றதே அம்மெருகு.

ஆயின் துருவையும், விபத்தில் மடங்கிய தகட்டையும், வெள்ளத்தில் நின்ற கறையையும் எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை. அவற்றிற்கு வண்டியின் மேனி ஒன்றே சாட்சி. அந்தச் சாட்சியின் வாயை அடைத்துவிட்டு விற்பதுதான் குற்றம். தோற்றம் மட்டுமே சாட்சியாய் நிற்கும் இடத்தில் தோற்றத்தை மாற்றுபவர், வாங்குபவர் உண்மையை அறியும் ஒரே வழியை அடைத்துவிடுகிறார்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் ஓர் எல்லை வகுக்கின்றது. உண்மையை அறிந்தவர் அதனைச் செயலால் மறைப்பது மோசடி. வாய் திறவாமல் இருப்பது மட்டும், பேச வேண்டிய கடமை இல்லாவிடத்துப் பொதுவாக மோசடி ஆகாது. பட்டி அப்பித் துருவை மறைத்தவர் சட்டத்தின் முன்னும் குற்றவாளி. துருவை அப்படியே விட்டு, கேட்காததால் சொல்லாதவர் பெரும்பாலும் தப்பிவிடுவார்.

அறநூலோர் இன்னும் நுணுகிச் சென்றனர். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தார் விரதங்களும், அவற்றிற்கு நேரக்கூடிய வழுக்களும் வகுக்கப்பட்டுள்ளன. ஒன்றைப் போலத் தோன்றும் போலியை அதுவாகவே கொடுத்து வணிகம் செய்தல் அங்கே பிரதிரூபக வியவகாரம் எனப்படுகின்றது. இதனைப் பொய்யாமையின் கீழ் எதிர்பார்ப்போம். நூலோ இதனைக் கள்ளாமையின் கீழ் வைக்கின்றது. கள்ளன் கொணர்ந்ததை வாங்குவதற்கும், அளவையும் நிறையையும் கூட்டிக் குறைப்பதற்கும் அருகில் இதன் இடம்.

இவ்வைப்புமுறை சிந்திக்கத்தக்கது. பட்டறையில் மெருகிட்டு விற்பவர், "நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே; வாயே திறக்கவில்லையே" என்று தம்மைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் வாயால் பொய் சொல்லவில்லை என்பது மெய்தான். ஆனால் வாங்கியவரின் கையிலிருந்து துருப்பிடித்த வண்டிக்குரிய விலையினும் மிகுதியாகப் பணம் போயிருக்கிறது. அம்மிகுதி வாங்கியவர் மனமார அளித்தது அன்று. கொடாததைக் கொள்வது களவு. சொல்லைக் கொண்டு அளந்தால் குற்றம் மறையும். இழப்பைக் கொண்டு அளந்தால் குற்றம் தெரியும். நூலோர் இழப்பைக் கொண்டு அளந்தனர்.

உயிர் ஏறும் வண்டி

பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு மற்றொரு கணக்கும் உண்டு. போடியிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் தோட்ட வேலைக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் ஜீப்புகளில் ஏறி மலையேறுகின்றனர். அவ்வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் அவர்கள் அல்லர். அதன் அடிச்சட்டத்தைக் குனிந்து பார்த்தவரும் அல்லர். மேனியில் புதுப் பெயின்ட் இருந்தால் வண்டி நன்றாய் இருப்பதாகவே எண்ணுவர்.

எட்டாண்டுக்கு மேற்பட்ட வாடகை வண்டிகள் ஆண்டுதோறும் எப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும். அதற்கு முன் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது நாடெங்கும் காணும் வழக்கம். அவ்வழக்கில் தவறில்லை, பெயின்ட் தகட்டைக் காக்கும். ஆனால் துரு மேனியில் மட்டும் பிடிப்பதன்று. சேறும் ஈரமும் தங்கும் அடிப்பகுதியிலும், தகடுகள் கூடும் மடிப்பிலும், ஸ்பிரிங் பட்டைகள் பொருந்தும் இடங்களிலும் அது கண்ணுக்குத் தெரியாமல் வளரும். அதன்மேல் பட்டியை அப்பினால் வளர்ச்சி நிற்பதில்லை. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் விரைந்து அரிக்கும். வெளியே புதுமை கூடக் கூட உள்ளே பழமை விரைகின்றது.

இவ்விடத்தில் மங்கிய நிறமே மேலானது என்று சொல்லலாம். துருத் தெரியும் வண்டியில் ஏறுபவர் அஞ்சுவார், கேள்வி கேட்பார், ஏற மறுக்கவும் கூடும். புதுப் பூச்சு அந்த அச்சத்தைப் பறித்துவிடுகிறது. அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சும் உரிமையைப் பிறரிடமிருந்து பறித்தல் களவினும் கொடிது. அது கொலையின் பக்கமே செல்கின்றது. ஆகவே செலவுக்கு வரம்புடைய உரிமையாளருக்கு முறை இதுவே: முதற்பணம் பிரேக்குக்கும் டயருக்கும் அடிச்சட்டத்துக்கும், எஞ்சியது மேனிக்கு. 2021இல் மைய அரசு அறிவித்த பழைய வாகனக் கழிப்புக் கொள்கையும், வண்டியின் தகுதியைப் பொறிவழிச் சோதனையால் தீர்மானிக்க முனைகிறது.

புறத்தோற்றத்திலும் பிறர் பொருட்டுப் பேண வேண்டிய பகுதிகள் உண்டு. பழைய அம்பாசடரின் முகப்பு விளக்குக்குக் கண்ணாடி மூடி; அது மங்குவதில்லை. பிற்காலக் கார்களின் விளக்கு மூடி பாலிகார்பனேட் என்னும் ஞெகிழியால் ஆனது. அதன் காப்புப் படலம் வெயிலில் தேய்ந்ததும் மூடி மஞ்சள் படிந்து ஒளியைத் தடுக்கும். மூடுபனியில் போடிமெட்டுச் சாலையில் வளைவு திரும்பும் வண்டிக்கு இக்குறை சிறிதன்று. எதிரில் வருபவர்க்கும் இடர் விளைக்கும். நீர்த்தாளால் படிப்படியாகத் தேய்த்து மெருகிட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் காப்புப் பூசினால் தெளிவு மீளும். காப்புப் பூசாது விட்டால் சில திங்களில் மீண்டும் மஞ்சளாகும். பின்புறச் சிவப்பு ஒளிர்வில்லைகளும் எண் பலகையும் இவ்வாறே. இவற்றைப் பேணாதிருப்பதை எளிமை என்று சொல்லுதல் ஆகாது. அது கடமை வழுவுதல்.

மெருகிடும் கை

வண்டி ஒளிர்ந்ததும் உரிமையாளர் மகிழ்கிறார். அவ்வொளியை உண்டாக்கிய கையைப் பற்றியும் சிறிது எண்ணுதல் தகும்.

பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகள் சிலவற்றில் காரீய நிறமிகள் கலந்திருந்தன. அவற்றை உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசி மூச்சில் புகும். வீட்டுப் பெயின்டுகளில் காரீயத்தை வரையறுக்க 2016இல் விதிகள் செய்யப்பட்டன. அவை வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உரிய பூச்சுகளுக்கானவை. இன்று மறுபூச்சுக்குப் பெரிதும் பயன்படும் இருகூட்டுப் பாலியுரித்தேன் பெயின்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. தெளிக்கும்போது அவற்றை மூச்சில் இழுப்பவர்க்கு ஆஸ்துமா வரக்கூடும். ஒரு முறை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறு அளவும் மூச்சைத் திணற வைக்கும். மூக்கைச் சுற்றிய கைக்குட்டை இந்த ஆவியைத் தடுக்காது. தூய காற்று தனியே வந்து சேரும் முகமூடியும், காற்று வெளியேறும் அறையும் வேண்டும். இவை உள்ள பட்டறையில் கூலி சற்று மிகுதி. அம்மிகுதியைக் கொடுக்க மறுத்து, மலிவான இடத்தைத் தேடுவோர் தம் காரின் அழகுக்காகப் பிறர் நுரையீரலைச் செலவிடுகின்றனர்.

தேய்த்து மீட்கும் முதல் வழிக்கு இவ்வகையிலும் சிறப்பு உண்டு. மங்கல் மட்டுமே குறையாயின், நீரிட்டுத் தேய்த்தால் தூசி எழாது; தெளிப்பும் இல்லை. மெழுகிலும் ஒரு தேர்வு உண்டு. வண்டி மெழுகுகள் சிலவற்றில் தேன்மெழுகு கலக்கப்படுகின்றது. தேனை விலக்கி ஒழுகும் நம் இல்லங்கள் வாங்கும்போது கேட்டு வாங்கலாம். பிரேசில் நாட்டுக் கார்னோபாப் பனையின் இலையில் படியும் மெழுகு வண்டிக்கு மிக ஏற்றது. செயற்கைக் காப்புத் தைலங்களும் உள்ளன.

பேணுதலும் பற்றும்

இதுவரை பிறரை நோக்கிச் சிந்தித்தோம். விற்கும் எண்ணமின்றி, யாரையும் ஏமாற்றாது, தம் பழைய காரைத் தாமே மெருகிட்டு வைத்திருப்பவர் நிலை என்ன?

உள்ளதைப் பேணிக் கொள்வது புதியதை வாங்கிக் குவிப்பதினும் நன்று. ஒரு கார் உருவாவதற்குள் எத்துணையோ இரும்பு உருக்கப்படுகின்றது, கரி எரிக்கப்படுகின்றது. ஓடும் வண்டியைப் பின்னும் சில ஆண்டு நன்கு ஓட்டுதல் மிகுபொருள் விரும்பாமைக்கு இசைந்ததே. மழைநீரைத் தங்கவிடாத நல்ல மேனி துருவைத் தள்ளிப் போடும்.

ஆயினும் உடைமையைப் பற்றி நம் நூல்கள் சொல்லும் இலக்கணம் எண்ணிக்கையைப் பற்றியது அன்று. பொருளின்மேல் மயங்கும் மனத்தையே அவை உடைமை என்கின்றன. பத்து வண்டி வைத்தும் பற்றற்றவர் இருக்கக்கூடும். ஒரே ஒரு பழைய அம்பாசடரில் மனம் முழுதும் சிக்கியவரும் இருக்கக்கூடும். இதனை அறிய ஓர் எளிய உரைகல் உண்டு. தெருவில் விளையாடும் சிறுவன் ஒருவன் கதவில் கீறிவிட்டான் என்க. உரிமையாளருக்கு முதலில் கீறல் கண்ணில் பட்டதா, அஞ்சி நிற்கும் சிறுவன் முகம் கண்ணில் பட்டதா? அந்த ஒரு நொடியில் அவர் வண்டியைப் பேணுகிறாரா, வண்டி அவரை ஆள்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பற்றுக்கு வண்டியே ஒரு வரம்பு கட்டுகின்றது. ஆலையில் அடித்த பூச்சின் மொத்தக் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறை காம்பவுண்ட் தேய்க்கும்போதும் அதில் ஒரு சிறு பகுதி துணியோடு போகின்றது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லியது. அங்கே முதலில் பிரைமர் தெரியும். அழகை ஓயாது வேண்டுபவர் அழகின் முதலையே உண்டு தீர்க்கிறார். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்ப்பு, இடையிடையே மெழுகு, நிழலில் நிறுத்துதல் என்ற அளவில் நிற்பவர்க்கே நிறம் நீடிக்கும். தோன்றுதலும் கெடுதலும் நிலைத்தலும் ஒருங்கே உடையது பொருள் என்பது நம் தத்துவம். கெடுதலை மறுத்துப் போராடுவோர் தோற்பர். கெடுதல் உண்டே என்று கைவிடுவோர் நிலைப்பதையும் இழப்பர். இடைப்பட்ட வழியே பேணுதல்.

தொடக்கூடாத மங்கல்

எல்லா மங்கலும் நீக்கத்தக்கது என்றும் கொள்ளற்க. போடியிலிருந்து தேவாரம் வழியே தெற்கே சென்றால் உத்தமபாளையம். அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வெயிலும் மழையும் அவற்றைத் தேய்த்திருக்கின்றன. அவற்றிற்கு எனாமல் பூசுதலும், உளியால் கூர்மை ஊட்டுதலும் பெருந்தீங்கு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராயிருந்த ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடும், சிதைந்த பழம்பணியைப் புதுப்பணியால் மாற்றுவதினும் உள்ளபடி காப்பதே மேல் என்னும் நெறியையே வற்புறுத்தியது.

பாறைக்கு ஒரு நெறி, காருக்கு ஒரு நெறியா என வினவலாம். நெறி ஒன்றே. பாறையின் மேற்பரப்பு சென்ற காலத்தின் சாட்சி; அதனை மாற்றினால் சாட்சி அழியும். நாள்தோறும் ஓடும் காரின் சுண்ணாம்புப் பொடி எதற்கும் சாட்சியன்று. அதனை நீக்கினால் ஒருவருக்கும் இழப்பில்லை. அதே காரின் கதவுக்கடியில் இருக்கும் துரு நாளை வாங்குபவர்க்கும், இன்று ஏறுபவர்க்கும் வேண்டிய சாட்சி. அதனை மூடினால் அவர்க்கு இழப்பு. சாட்சியை அழியாதே என்பதே பாறைக்கும் காருக்கும் ஏலக்காய் மூட்டைக்கும் பொதுவான நெறி.

அன்பர்களே! பழைய கார் வாங்கும் அனுபவசாலிகள் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பர். அதைத் துணியில் சுற்றி வண்டியின் மேனியில் வைத்துப் பார்ப்பர். நல்ல இரும்புத் தகடாயின் ஒட்டும்; அடியில் பட்டி கனத்திருந்தால் ஒட்டாது விழும். எத்தகைய பெயின்டும் காந்தத்தை ஏமாற்றுவதில்லை. மெருகிட்ட வண்டியை விற்பவர், பட்டி பார்த்த இடத்தைத் தாமே விரலால் தொட்டுக் காட்டி, காந்தத்தையும் தாமே எடுத்து வாங்குபவர் கையில் கொடுப்பாராயின், அவர் வண்டி எவ்வளவு ஒளிர்ந்தாலும் அவ்வொளியில் மாசில்லை. அவ்வாறு கொடுக்கத் தயங்கும் கை, இன்னும் விற்பதற்குரிய நிலையை அடையவில்லை என்க.